கீழ பிளக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியாகும் என்று
போட்டிருந்தோம். பன்னிரண்டு என்றால்
யாருடைய பன்னிரண்டு?
லைப்சிக் கம்பெனிக்காரனுக்கு இன்னும் சாப்பாடே முடிந்திருக்காது.
குளச்சலில் நாங்கள் விழித்திருந்தோம்,
கீழே ஐஸ் கம்பெனியின் கம்ப்ரஸர் விழித்திருந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும்.
ஐம்பது ஹெர்ட்ஸில் முனகும், பகலும் இரவும்.
எந்த மைக்கை வைத்தாலும் ஏறி உட்காரும்.
ஒரு மாதம் வடிகட்டிப் பார்த்துவிட்டு
பெர்லின் சொன்னான்: மக்கா, இதையே சுருதியா வச்சுக்கிடலாம்.
அப்படித்தான் நாலு டிராக்கும் ஜி-யில் விழுந்தன,
ஜி-க்கும் ஒரு மயிரிழை மேலே.
காரணம் கேட்டால்
மீன் கெடக்கூடாது, அவ்வளவுதான் காரணம்.

(பெர்லின் அவன் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது.
தம்பி மிலன். ஊரில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.
பெயர் எழுத வேண்டிய இடத்தில்
நகரத்தை எழுதியிருக்கிறீர்கள் என்று
ஒப்பந்தம் இரண்டு முறை திரும்பி வந்தது.)

மூன்றாவது டிராக்கின் பிரேக் ஆறே விநாடி.
தூண்டில் வளைவைத் தாண்டிப் போன ஏதோ ஒரு வள்ளத்தை
பாலிதீனில் சுற்றிய போனில் பிடித்தது.
பதினாறு துண்டாக நறுக்கி
ஐந்தாவதைத் தலைகீழாக்கி
ஒன்பதாவதை எறிந்துவிட்டு
அந்தப் பள்ளத்தில் ஐஸ் உடைக்கும் சுத்தியல் ஒரே ஒரு அடி.
அதற்கடியில் பேஸ்.

விடிவதற்குள் முப்பத்தொன்று பேர் கேட்டிருந்தார்கள்,
அதில் ஒன்பது நாங்கள்.
கத்தாரிலிருந்து ஒரு மச்சான்:
'மாப்ள, பாட்டு எப்பம் தொடங்கும்?'
போனில் கேட்டவர்கள் கூரையை மட்டும் கேட்டார்கள்.
வீடு கீழே இருந்தது.

சனிக்கிழமை குருசடித் திருவிழாவுக்கு
சோபிள் சவுண்ட்ஸ் பெட்டி இறக்கினார்கள்,
பதினெட்டு இஞ்ச், நாலு.
டெஸ்டிங் என்ற பேரில்
நாலே முக்கால் மணிக்கு, கடலைப் பார்த்து
மூன்றாவதை ஓடவிட்டோம்.

காதுக்கு முன்னால் முழங்காலுக்கு வந்தது.
ஆஸ்பெஸ்டாஸ் போல்ட்டுகள் பல்லைக் கடித்தன.
பெட்டியின் தலையில் கிடந்த மணல்
நகர்ந்து நகர்ந்து
ஒரு ஓரமாய்ப் போய் நின்றுகொண்டது.

ஸ்பேனரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த சேசடிமை
எங்களைக் கடந்து தண்ணீர்வரை போனார்.
இருட்டைப் பார்த்தார். வள்ளம் இல்லை.
திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.
'எடே, கீழ பிளக்கு அடிக்கல்ல. எவனுக்க வள்ளம்?'
வள்ளம் இல்ல அண்ணா, பாட்டு.
'பாட்டுண்ணா என்ன,
பிளக்கு அடிக்கல்லல்லா.'
இன்னொரு தடவை போடச் சொன்னார்.
கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை,
பீடியைக் கூட எடுக்கவில்லை.
'ததேயுசுக்க வள்ளமாக்கும். மண்ணெண்ணெயில தண்ணி.
இப்பிடியே ஓட்டுனா நடுக்கடல்ல நிப்பான்.'

அந்த இடம் ஏன் இழுக்கிறது என்று
மூன்று மாதம் மண்டையை உடைத்திருந்தோம்.
கிக்கைப் பதினொரு மில்லி விநாடி தள்ளி வைத்து
ஸ்விங் என்று பெயரும் வைத்திருந்தோம்.

ஞாயிறு பூசை முடிந்து பிளக்கு மாற்றினார்கள்.
ததேயுசின் வள்ளம் இப்போது
மெட்ரோனோம் மாதிரி போய் வருகிறது.
எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ரோட்டர்டாமிலிருந்து ஒருவன் எழுதியிருக்கிறான்:
மூன்றாவதில் ஏதோ தடுக்கி விழப்போய்
விழாமல் ஓடுகிறது, அது என்ன?
பதில் அடித்தேன். அழித்தேன்.
திரும்ப அடித்தேன்.

அடுத்த வெளியீடு கார்த்திகையில்.
பெர்லின் துறைமுகம் முழுக்கக் கேட்டு நடக்கிறான்,
எவனுக்க இஞ்சினாவது மக்கர் பண்ணுதா என்று.
மெக்கானிக் என்று நினைத்துவிட்டார்கள்.
நேற்று ஒருவர் முழு இஞ்சினையும் மாடிக்குத் தூக்கிவந்து
என் கட்டிலில் கிடத்திவிட்டு
எப்பம் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.
போர்வையெல்லாம் எண்ணெய்.
நான் தரையில் படுத்திருக்கிறேன்,
முதுகுக்குக் கீழே ஜி.